செவ்வாய்க்கிழமை ஐந்தேகால் மணி

2023 நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. மதியம் தயிர்சாத டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது நிர்வாகப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து மூடிய உறை ஒன்றை மேஜையில் வைத்தார். நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். உள்ளே ஒரு மெமோ. அலுவலக நேரத்தில், அலுவலக அறையில் கூட்டுப் பிரார்த்தனை நடத்தியது, அதற்காகச் சக ஊழியர்களிடம் பணம் வசூலித்தது, கலந்துகொள்ளும்படி கீழ்நிலை ஊழியர்களுக்கு நெருக்கடி கொடுத்தது ஆகியவை பற்றிப் பத்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டும் என்று இருந்தது. மூன்றாவது வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நானா? நெருக்கடியா?

நான் டெல்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் செக்ஷன் ஆபீசர். பிரார்த்தனையை ஆரம்பித்தது நான் இல்லை. 2021 ஏப்ரல், மே மாதங்களில் டெல்லியில் இருந்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட காலம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆக்சிஜன் சிலிண்டருக்கு அலைந்தும் எங்கள் பிரிவில் ஒருவரைக் காப்பாற்ற முடியவில்லை. எல்லாரும் திரும்ப அலுவலகம் வர ஆரம்பித்த வாரத்தில், அவருடைய நாற்காலிக்கு முன்னால் நின்று இரண்டு நிமிடம் மௌனம் இருந்தோம். பீகார்க்காரர் ஒருவர் மெல்லிய குரலில் அனுமன் பாட்டு ஒன்றைத் தொடங்கினார். எல்லாரும் அழுதோம். அடுத்த செவ்வாய்க்கிழமையும் பாடினோம். அதற்கு அடுத்ததும். அப்படியே பழக்கமாகிவிட்டது.

உண்மையைச் சொன்னால், பக்தியைவிட எனக்கு அதில் வேறொன்று கிடைத்தது. டெல்லி வந்து எத்தனை வருடம் ஆனாலும் என் இந்தியில் கும்பகோணம் அடிக்கும். சாப்பாட்டு நேரத்து அரட்டையில் ஒரு ஓரமாகத்தான் இருப்பேன். வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்து நானும் பாட ஆரம்பித்த பிறகு, ‘மதராசி’ போய் ‘சாமிஜி’ ஆனேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

2022 ஜூலையில் மத்தியச் செயலகப் பணிகளில் எட்டாயிரம் பேருக்கு மேல் ஒரே மூச்சில் பதவி உயர்வு வந்ததே, அதில் நானும் ஒருவன். அதே பிரிவுக்கே செக்ஷன் ஆபீசர் ஆனேன். நேற்றுவரை என்னோடு டீ குடித்தவர்களின் லீவு விண்ணப்பத்தில் இன்று என் கையெழுத்து. அவர்களுடைய வருடாந்தர மதிப்பீட்டு அறிக்கையில் ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் போடுவதும் நான். ஆனால் செவ்வாய்க்கிழமை ஐந்தேகால் ஆனதும் எப்போதும் போல எழுந்து நின்று, “சரி, ஆரம்பிக்கலாமா?” என்றேன். பதவி மாறியதும் அந்தக் கேள்வியின் அர்த்தமும் மாறிவிட்டது என்று எனக்கு உறைக்கவே இல்லை. யாரும் வராமல் இருந்ததில்லை. அதையே எல்லாருடைய சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

வசூலை ஆரம்பித்தது மட்டும் முழுக்க என் வேலை. செப்டம்பரிலிருந்து தலைக்கு மாதம் ஐம்பது ரூபாய். எங்கள் பிரிவில் எட்டு பேர், பக்கத்துப் பிரிவில் ஆறு பேர். என்னுடைய யுபிஐ எண்ணுக்கே அனுப்பச் சொன்னேன். பாபா கரக் சிங் மார்க் அனுமன் கோயில் பக்கத்திலிருந்து பூந்தி வரும், தொன்னையில் போட்டுத் தருவோம், பூ, ஊதுவத்தி, அவ்வளவுதான். மாதம் பிறந்ததும் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் ‘அன்பு நினைவூட்டல்’ ஒன்று போடுவேன். நாடாளுமன்றக் கேள்விக்கான பதில், கோப்பு எண், ஆடிட் குறிப்பு எல்லாம் போகிற அதே குழுவில். மெமோவோடு இணைத்திருந்த பக்கங்களில் அந்த நினைவூட்டல்களின் ஸ்கிரீன்ஷாட் பதினைந்து இருந்தது. எல்லாம் என் கைப்பட எழுதியது, கடைசியில் கைகூப்பும் பொம்மையோடு.

மெமோ வந்த அன்று எனக்கு முதலில் யார்மேல் சந்தேகம் போனது என்பதையும் எழுதிவிடுகிறேன், வெட்கமாக இருந்தாலும். எங்கள் தளத்தில் வேலை பார்க்கும் எம்டிஎஸ் ஊழியர் (அலுவலக உதவியாளர்) ஒருவர், இஸ்லாமியர். அவரிடம் நாங்கள் பணம் கேட்டதில்லை. ஆனால் தொன்னைகளை வரிசையாக அடுக்கித் தருவது அவர்தான். மறுநாள் காலை அவர் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து வைத்தபோது நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவருக்கு ஒன்றும் புரியாமல் இரண்டு நிமிடம் நின்றார். புகாரின் நகலை அடுத்த பக்கத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது, கையெழுத்து போட்டிருந்தவர் எங்கள் பிரிவின் தமிழ்ப் பெண்.

அவர் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர், இங்கே தமிழ்ப் பள்ளியில் படித்தவர். எங்கள் பிரிவுக்கு அவரைக் கேட்டு வாங்கியதே நான். கிருத்திகை அன்று ஆர்.கே.புரம் மலை மந்திரில் குடும்பத்தோடு பார்ப்பேன். அலுவலகத்தில் ‘சார்’ என்பவர் அங்கே ‘அண்ணா’ என்பார். என்னைவிடப் பக்தி அதிகம் உள்ளவர். சாமி பிடிக்காதவர்தான் இப்படிப் புகார் கொடுப்பார் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன், அது சுக்குநூறாகிவிட்டது.

புகாரில் எந்த ஆவேசமும் இல்லை. குழந்தையை விட்டிருக்கும் கிரெச் ஆறேகாலுக்கு மூடிவிடும், அதற்குமேல் ஆனால் தினம் இருநூறு ரூபாய் அபராதம். ஐந்தரைக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். செவ்வாய்க்கிழமைகளில் கிளம்ப முடிவதில்லை. இதற்கு அவர் ஆதாரமாகக் காட்டியது பயோமெட்ரிக் வருகைப் பதிவை. மற்ற நாட்களில் எங்கள் பிரிவு மொத்தமும் 5.31, 5.33 என்று வெளியேறியிருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் எல்லார் பெயருக்கும் நேராக 5.47, 5.48, 5.48, 5.49. அந்த அச்சுப் பிரதியைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. ஒரு வருடத்துக்கு மேல் நான் இத்தனை பேரைக் கால் மணி நேரம் கூடுதலாக உட்கார வைத்திருக்கிறேன் என்று எந்திரமே எழுதிவைத்திருந்தது. இரண்டாவது, 2023 ஆகஸ்டில் அவர் சந்தா தரவில்லை. அதே மாதம் அவர் கேட்ட நான்கு நாள் ஈட்டிய விடுப்பு என் மேஜையில் நின்றுபோனது. எனக்கு அதற்குக் காரணம் இருந்தது. மழைக்காலக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது, ஆகஸ்ட் 11 வரை யாருக்குமே லீவு கிடையாது. யார் சந்தா தந்தார்கள், தரவில்லை என்று நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் இதை அவர் எப்படித் தெரிந்துகொள்வார்? அவருக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: ஐம்பது ரூபாய் தரவில்லை, லீவு நின்றுவிட்டது.

இதெல்லாம் இப்போது எழுதுவதுபோல அன்று தோன்றவில்லை. அன்று இருந்தது கோபம் மட்டும். அந்தக் கோபத்தில் வரிசையாக மூன்று தவறு செய்தேன். இதைப் படிக்கிற யாருக்காவது மெமோ வந்தால், குறைந்தது இந்த மூன்றையாவது செய்யாமல் இருங்கள்.

முதல் தவறு, நேராக அவருடைய இருக்கைக்குப் போனது. “என்னம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றேன். குரலை உயர்த்தவில்லை. அவர் கணினியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “சொன்னேன் சார். நாலு தடவை சொன்னேன். கிரெச்சுக்குப் போகணும்னு சொன்னப்போ, சாமி காரியம், அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்னு சிரிச்சீங்க” என்றார். எனக்கு ஒரு தடவைகூட ஞாபகம் இல்லை. அவருக்குத் தேதியோடு இருந்தது. நான் போய்ப் பேசியதை அன்றே எழுதிக் கொடுத்துவிட்டார். புகார்தாரரை அணுகி அழுத்தம் தர முயன்றதாக அதுவும் கோப்பில் ஏறியது. சமாதானம் பேசத்தான் போனீர்கள் என்றாலும், உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவரிடம் நீங்கள் போய் நிற்பதே மிரட்டலாகத்தான் தெரியும். பேச வேண்டியிருந்தால் உங்கள் மேலதிகாரி மூலம் பேசுங்கள், அதையும் எழுத்தில்.

இரண்டாவது, அன்று இரவே உட்கார்ந்து நாலு பக்கம் பதில் எழுதியது. மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவர் தூங்கிய பிறகு சமையலறை மேஜையில் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, என் மத சுதந்திரம், நம் பண்பாடு, ஊரில் ஆயுத பூஜைக்கு அலுவலகத்தில் பொரி சுண்டல் கொடுப்பதில்லையா என்று வேறு கேட்டிருந்தேன். வசூல் பற்றி ஒரே வரி: ‘அனைவரும் மனமுவந்து அளித்த சிறு தொகை.’ அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. பணம் வாங்கினேன் என்பதை என் கையெழுத்தோடு ஒப்புக்கொண்டுவிட்டேன். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964-ல் 12-ஆம் விதி என்று ஒன்று இருக்கிறது. முன் அனுமதி இல்லாமல் எந்த நோக்கத்துக்காக இருந்தாலும் ஊழியர் நன்கொடை கேட்கவோ வாங்கவோ, வசூலில் பங்கெடுக்கவோ கூடாது. சாமிக்கா, வெள்ள நிவாரணத்துக்கா என்று அது பார்ப்பதில்லை. அத்தனை வருடம் சர்வீஸ் போட்டும் அந்த விதியை நான் முழுசாகப் படித்ததில்லை. உங்களில் எத்தனை பேர் படித்திருப்பீர்கள் என்றும் தெரியவில்லை. பத்து நாள் போதாது என்றால் கூடுதல் அவகாசம் கேட்டு ஒரு வரி எழுதலாம், கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். நிதானமாக, குற்றச்சாட்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பத்தியில், நடந்ததை மட்டும் எழுத வேண்டும். கொடுத்ததற்குப் பெற்றதற்கான முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். பண்பாடு பற்றிய பத்திகளை எடுத்துவிடுங்கள், யாரும் படிப்பதில்லை.

மூன்றாவது தவறு, வாட்ஸ்அப் குழுவையே அழித்தது. பயத்தில் செய்தேன். ஏற்கெனவே அவர்களிடம் படங்கள் இருந்ததால் பயனும் இல்லை, மறைக்கப் பார்த்தார் என்ற பெயர்தான் மிச்சம்.

2024 பிப்ரவரியில் ஒழுங்கு நடவடிக்கைக்கான சிசிஎஸ் (சிசிஏ) விதிகளில் விதி 16-ன் கீழ் சார்ஜ் மெமோ, அதாவது குற்றச்சாட்டுக் குறிப்பாணை, வந்தது. சிறு தண்டனைக்கான நடவடிக்கை. பெயர்தான் சிறு. அதற்கு முந்தைய மாதம்தான் சென்னையில் ஒரு நிறுவனத்தில் டெபுடேஷனுக்கு (சில வருடம் வேறு அலுவலகத்தில் போய் வேலை பார்ப்பது) விண்ணப்பித்திருந்தேன். அம்மாவுக்கு எழுபத்தெட்டு, தாம்பரத்தில் தங்கை வீட்டில் இருக்கிறார், கண் ஆபரேஷன் முடிந்து தனியாக நடக்கப் பயப்படுகிறார். மூன்று வருடமாவது பக்கத்தில் இருக்கலாம் என்ற ஆசை. விண்ணப்பத்தை அலுவலகம் வழியாக அனுப்பும்போது, நம்மேல் நடவடிக்கை எதுவும் நிலுவையில் இல்லை என்று சொல்லும் விஜிலென்ஸ் சான்றிதழ் இணைக்க வேண்டும். சார்ஜ் மெமோ நிலுவையில் இருப்பவருக்கு அது கிடைக்காது. கடைசி நாள் என் கண்முன்னாலேயே கடந்து போனது. வெளியூர் டெபுடேஷன் படி அடிப்படைச் சம்பளத்தில் பத்து சதவீதம், எனக்கு மாதம் ஆறாயிரத்துச் சொச்சம், மூன்று வருடத்துக்கு இரண்டேகால் லட்சம் வரும். அந்தப் பணம்கூடப் பெரிதாகத் தோன்றவில்லை. “எப்பப்பா வரே?” என்று அம்மா போனில் கேட்கும்போது, “ஆர்டர் இன்னும் வரலம்மா” என்று ஏழு மாதம் பொய் சொன்னேன், அதுதான் வலித்தது.

அதற்குப் பிறகுதான் வக்கீலைப் பார்க்கப் போனேன். மண்டி ஹவுசில் இறங்கினால் கோப்பர்நிக்கஸ் மார்க்கில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது, அங்கே சர்வீஸ் வழக்குகள் மட்டும் பார்ப்பவர் ஒருவரைப் பழைய நண்பர் சொல்லியிருந்தார். என் நாலு பக்கப் பதிலைப் படித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார், 25-ஆம் பிரிவு தரும் உரிமைகளில் முதலில் வருவது எது தெரியுமா என்று. மனச்சாட்சிச் சுதந்திரம். மதத்தைப் பின்பற்றுகிற உரிமை அதற்கு அடுத்துத்தான் வருகிறது. அப்புறம் 1986-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கேரளப் பள்ளி வழக்கைச் சொன்னார். யெகோவாவின் சாட்சிகள் என்ற பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் தங்கள் நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று நீதிமன்றம் சொன்னது. “தேசிய கீதத்தையே பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, உங்க பஜனைக்கு உட்காரச் சொல்ல முடியுமா? நீங்க காட்டுற 25 அந்தப் பொண்ணுக்கும்தானே?” என்று இந்தியில் கேட்டார். எழுதிக் கொடுத்த பதிலுக்கு எட்டாயிரம் வாங்கினார். அந்தக் கேள்விக்கே கொடுக்கலாம்.

இரண்டாவது பதிலில் வசூலை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தேன். நேரத்தையும் ஒப்புக்கொண்டேன். விடுப்பு நின்றதற்கான காரணத்தை மட்டும், அந்த வாரம் வேறு இருவருக்கும் விடுப்பு மறுத்த கோப்புக் குறிப்புகளோடு விளக்கினேன். அந்தக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. மற்றவற்றுக்கு ஜூலையில் ‘சென்ஷர்’, அதாவது கண்டனம். இன்கிரிமென்டில் கை வைக்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன், ஆனால் டெபுடேஷன் அறிவிப்புகளில் பத்து வருடத் தண்டனைப் பட்டியல் கேட்பார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. ஒவ்வொரு விண்ணப்பத்திலும் என் பெயருக்கு நேரே இது நிற்கும். மேல்முறையீட்டுக்கு நாற்பத்தைந்து நாள் அவகாசம் உண்டு, முப்பத்தெட்டாவது நாள் போட்டேன், அதற்குப் பன்னிரண்டாயிரம். தள்ளுபடி ஆனது. தீர்ப்பாயத்துக்குப் போக விண்ணப்பக் கட்டணம் வெறும் ஐம்பது ரூபாய்தான், ஒரு வருடம் டைமும் இருந்தது. ஆனால் ஐம்பது ரூபாய் என்றாலே எனக்கு இப்போது ஒரு மாதிரி இருக்கிறது. போகவில்லை.

அலுவலகத்தில் பிரார்த்தனை செய்ய நினைப்பவர்களை நான் தடுக்க வரவில்லை. என் அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்: லீவுக்கும் மதிப்பெண்ணுக்கும் கையெழுத்து போடுபவர் அதைக் கூட்டக் கூடாது, வந்தவர் யார், வராதவர் யார் என்று தெரிகிற இடத்திலேயே இருக்கக் கூடாது. ‘விருப்பமிருந்தால் வரலாம்’ என்று நானும்தான் சொல்லியிருக்கிறேன். செக்ஷன் ஆபீசர் விருப்பமிருந்தால் என்று சொன்னால் யாருக்குத்தான் விருப்பம் இருக்காது? ஐந்தரைக்கு மேல், அலுவலகத்துக்கு வெளியே, கைப்பணம் போட்டு என்றால் உங்கள் பாடு, சாமி பாடு. பூந்தி வாங்க ஆசையாக இருந்தால் சொந்தக் காசில் வாங்குங்கள், மாதம் எழுநூறு ரூபாய்க்கு நான் பட்டது போதும். பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கடவுள் படம்கூட வேண்டாம், காலை வணக்கத்தோடு வருகிற படம் உட்பட.

மறுபக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒன்று. நான் சிரித்து மழுப்பியதுபோல உங்கள் அதிகாரியும் மழுப்பலாம். அந்தப் பெண் செய்ததைத்தான் சொல்வேன்: ‘எனக்கு 5.30-க்குக் கிளம்ப வேண்டும்’ என்று சின்னதாக ஒரு செய்தி அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். சண்டை வேண்டாம், தேதி இருந்தால் போதும். புகாரில் பெயர் போடுங்கள், மொட்டைக் கடிதத்தின் மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்றே அரசு உத்தரவு இருக்கிறது. அவர் பெயர் போட்டார். அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்கு இப்போது தெரிகிறது. அவர் இடத்தில் இருந்திருந்தால் என்னால் முடிந்திருக்காது.

இப்போது எனக்கு வேறு பிரிவு. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து நானே பாபா கரக் சிங் மார்க் கோயிலுக்குப் போகிறேன். பழைய பதினாலு பேரில் மூன்று பேர் வருகிறார்கள், சில வாரம் இரண்டு. அந்த எம்டிஎஸ் ஊழியரிடம் அந்தக் காலை நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு நினைவே இல்லை என்றார். நினைவு இருந்திருக்கும்.

வசூலில் 1,330 ரூபாய் மிச்சம் என் கணக்கிலேயே கிடந்தது. போன மாதம் கணக்குப் பார்த்துப் பதினாலு பேருக்கும் ஆளுக்கு 95 ரூபாய் யுபிஐ-யில் திருப்பி அனுப்பினேன். எல்லாரும் கைகூப்பும் பொம்மை அனுப்பினார்கள். புகார் கொடுத்த அந்தப் பெண்ணிடமிருந்து மட்டும் ஐம்பது ரூபாய் திரும்பி வந்தது. கூடவே ஒரு வரி: “ஆகஸ்ட் மாசம் நான் குடுக்கல சார்.”